நம் வீட்டில் தண்ணீருக்கு இட்ட பெயர்

அன்புள்ள மகள் மார்லேனுக்கு,

மாதா புண்ணியத்தில் அப்பா இன்னும் என் காலிலேயே எழுந்து நின்று காப்பி போட்டுக் குடிக்கிறேன், அங்கே கடல் தாண்டி வால்பரைஸோவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குட்டிப் பேரன் தொமாஸும் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால் எனக்கு அது போதும். நீ போனில் கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குப் பதில் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி நடந்த வருஷத்தில் இருக்கிறது. ஒன்பது பெரிய உருண்டைகளைக் கோத்து வானத்தில் நிறுத்திவைத்தார்களே அந்த வருஷம், இலையுதிர் காலத்தில் கிழப் பாப்பரசர் கண்ணை மூடினார், நம் படகு ‘எமிலியா’வுக்குப் பழைய எஞ்சினைக் கழற்றிப் புதிது வைத்ததும் என் கூட்டாளி ரெமியின் பெண்டாட்டி இரட்டைப் பிள்ளை பெற்றதும் அந்த வருஷம்தான், உனக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அந்தச் செப்டம்பரில் ஒரு போலந்துக்காரன் தன்னந்தனியாக, மறுநாள் சாயங்காலம் கப்பல் ஏறவேண்டிய அவசரத்தோடு, ப்ரூகெக்கு வந்தான். உன் கேள்விக்குப் பதில் அவன்தான்.

முதலில் வீட்டுச் சேதி சொல்லிவிடுங்கள் அப்புறம் கதையில் மறந்துபோவீர்கள் என்கிறாள் இர்மா. இதை எழுதிக் கொடுப்பது பக்கத்து வீட்டு இர்மா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிய பழக்கம் போகவில்லை, நான் வேகமாகப் பேசினால் பேனாவால் மேசையைத் தட்டுகிறாள். வலது முழங்கால் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, மற்றபடி சரி. உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சூப் கொண்டுவருகிறான், உப்பு மட்டும் கொண்டுவருவதில்லை, டாக்டர் சொன்னாராம். வயதானவர்களுக்கென்று விட்டிருக்கிற இந்தத் தர்ம வீட்டு முற்றத்துக்குள் ஊர் பார்க்க வருகிறவர்கள் இப்போது கூட்டமாக நுழைகிறார்கள், போன வாரம் ஓர் அம்மாள் ஜன்னல் வழியாக நான் உருளைக்கிழங்கு உரிப்பதைப் படம் எடுத்தாள், நான் இன்னொரு கிழங்கை எடுத்து நன்றாகத் தெரியும்படி மெதுவாக உரித்துக் காட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். உங்கள் ஊரில் மறுபடி பூமி ஆடியது என்று இர்மா பேப்பரில் படித்துச் சொன்னாள். அலமாரியைச் சுவரோடு ஆணி அடித்துக் கட்டச் சொல்லு மாப்பிள்ளையிடம், படகில் எல்லாவற்றையும் கட்டித்தான் வைத்திருந்தோம், தரையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள். ஏணியில் நீ ஏறாதே, உனக்கும் அறுபது நெருங்குகிறது.

இப்போது உன் கேள்வி. தொமாஸுக்குத் தாகம் எடுத்தால் ‘ஸெனெக்’ என்று கேட்கிறான், நீ சொல்லிக் கொடுத்தது, உன் மருமகள் இது எந்த ஊர் வார்த்தை என்று கேட்டாள், நீ எங்கள் ஃப்ளெமிஷ் வார்த்தை என்றாய், அவள் புத்தகத்தில் தேடிப் பார்த்து அப்படி ஒன்று இல்லையே அத்தை என்றாள். நீ விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமும் இதே தகராறுதான், ஸெனெக் வேண்டும் என்று கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள் என்று அழுதாய், உன் அம்மா அலீடா அது படகுக்காரர் வார்த்தை, கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்று சமாதானம் சொன்னாள். அது படகுக்காரர் வார்த்தையும் இல்லை மார்லேன். ரெமி வீட்டில் யாரும் சொன்னதில்லை. நம் வீட்டில் மட்டும்தான். அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள் என்று நான் இருந்துவிட்டேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவள் இருந்திருப்பாள்.

நீ இதை மருமகளுக்குப் படித்துச் சொல்லும்போது அவளுக்குப் புரிய வேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். நாங்கள் சரக்குப் படகில் பிறந்து சரக்குப் படகில் வளர்ந்தவர்கள், செங்கல்லும் நிலக்கரியும் ஏற்றிக்கொண்டு கெண்டுக்கும் ப்ரூகெக்கும் ஓஸ்டெண்டுக்கும் கால்வாயிலேயே போய்க்கொண்டு இருந்ததால் என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைக்க ஒருவருக்கும் நேரம் இல்லை. எங்களுக்குள் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது, எந்தப் படகோ அந்தப் பேர்தான். நான் எமிலியா, ரெமி ரோஸாலி, இரண்டு பேருக்கும் மீசை. படகை ஏற்றி இறக்குகிற மதகில் தண்ணீர் ஏறும்போது டேய் எமிலியா கயிற்றை விடுடா என்று ரெமி கத்தினால் பாலத்தின் மேல் நிற்கிற ஊர்க்காரர்கள் எமிலியா எப்படி இருப்பாள் என்று எட்டிப் பார்ப்பார்கள், என் முகத்தைக் கண்டதும் போய்விடுவார்கள். பெண்களுக்கும் அப்படித்தான். பிறந்த படகின் பேர் கல்யாணம் வரைக்கும், கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து புருஷன் படகின் பேர், பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். வாளி, கழி, கயிறு, சரக்கின் மேல் போடுகிற மூடுபலகை, எல்லாவற்றிலும் படகின் பேரைப் பெயிண்டில் எழுதிவைத்திருப்போம், எங்கே விட்டாலும் எங்களிடம் திரும்பி வந்துவிடும் என்று. எழுதத் தெரியாதவன்கூட அந்த ஒரு பேரை மட்டும் எழுதுவான்.

அந்தப் போலந்துக்காரன் எதற்காக வந்தான் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, உனக்கு இப்போதே சொல்கிறேன். சண்டை முடிகிற காலத்தில் ஜெர்மன்காரனை விரட்டிக்கொண்டு போலந்துப் படை இந்தப் பக்கமாக வந்தது அல்லவா, அதில் இவனும் இவன் தம்பி இக்னாட்ஸியும் சேர்ந்து இருந்தார்கள். கெண்ட் கால்வாய்க் கரையில் தம்பிக்கு மார்பில் குண்டு பட்டது. பாலங்கள் எல்லாம் தண்ணீரில் விழுந்து கிடந்தன, விழுந்த இரண்டு பாலங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சரக்குப் படகு காயம் பட்டவர்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் எடுத்துப் போய்க்கொண்டு இருந்தது. இவன் தம்பியைத் தோளில் தூக்கிவந்து அந்தப் படகின் மூடுபலகைமேல் கிடத்தினான், படகில் நின்ற ஒரு பெண் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினாள், இவனைப் பின்னால் கூப்பிட்டார்கள், ஓடவேண்டியதாகிவிட்டது. கரையில் நின்றவர்கள் அந்தப் பெண்ணைக் கொடெலீவெ, கொடெலீவெ என்று கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது. அதோடு சரி, தம்பி என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை. காணவில்லை என்று பட்டாளத்தில் எழுதிக்கொண்டார்கள். சண்டைக்குப் பிறகு இவன் ஸ்காட்லாந்தில் சுரங்கத்தில் வேலை பார்த்தான், போலந்தில் இருந்த தாய் ஒவ்வொரு கடிதத்திலும் சின்னவன் எந்த மண்ணில் கிடக்கிறான் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று அந்தக் கோடையில் சேதி வந்ததும் இரண்டு நாள் லீவு கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ப்ரூகெயில் அந்த வருஷம் கண்காட்சிக்கு வந்த கூட்டம் எல்லாம் வந்து மொய்த்தது, படகில் உட்கார்ந்து அன்னத்தைப் படம் எடுப்பதும் மணிக்கூண்டைப் பார்த்து வாயைப் பிளப்பதுமாக. இவன் ஒன்றையும் பார்க்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டானாம், இந்தப் பக்கத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு கொடெலீவெ இருப்பாள் தம்பி, புனிதையின் பேர், எவள் என்று சொல்வது என்று சிரித்திருக்கிறார்கள். படகுக்காரப் பெண் என்று நினைவு வந்து மதியம் தாண்டி டாம்போர்ட் மதகுக்கு நடந்துவந்தான். நானும் ரெமியும் படகைக் கட்டுகிற கட்டுக்கல்மேல் உட்கார்ந்து எங்கள் முறை வரட்டும் என்று காத்திருந்தோம். உயரமான ஆள், சட்டைக் கழுத்து அவனுக்குப் பெரிது, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஹாலந்தில் ஒரு குளிர்காலம் படையோடு தங்கியதில் பொறுக்கிய அரைகுறைப் பேச்சு, கொடெலீவெ இங்கே இருக்காளா, அவளை நான் பார்க்கணும் என்றான்.

ரெமி குழாயை வாயிலிருந்து எடுக்காமலே, கொடெலீவெயா, அவ போயிட்டாளே, ரெண்டு வருஷம் ஆச்சு என்றான். அந்த ஆள் முகம் வெளுத்தது. எப்படி என்று கேட்டான். நான் இரக்கப்பட்டு, வயசாச்சுங்க, கடைசியில ரொம்பத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டா, என்ன பண்ணியும் நிக்கல என்றேன். ரெமி, நல்லா உழைச்சவ, எவ்வளவு பாரம் ஏத்தினாலும் ஒரு நாள் முரண்டு பண்ணினதில்ல என்று சேர்த்துக்கொண்டான். அவன் நன்றி என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளிப்போய் இன்னொரு கட்டுக்கல்மேல் உட்கார்ந்து தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. ரெமி என்னைப் பார்த்து, அவ பலகையில பாதியை என் வீட்டு அடுப்புலதான் எரிச்சேன், எனக்கே அழுகை வரல, இவன் யாருடா என்று கேட்டான். பழைய படகுக்கு அழுகிறவன் எங்கள் ஆளாகத்தான் இருப்பான், என்றைக்கோ அதில் வேலை பார்த்தவனாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அப்போது தூறல் போட ஆரம்பித்தது. போய்த் தோளைத் தொட்டு, வாங்க, படகுல காப்பி இருக்கு, ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க என்று கூட்டிவந்தேன். வந்தான், எங்கே போகிறோம் என்று பார்க்காமல் வந்தான்.

நம் படகு அறை உனக்கு நினைவு இருக்கும், நிமிர்ந்தால் தலை இடிக்கும். உன் அம்மா ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தை வைத்துக் காப்பியை ஊற்றினாள், நான் இவர் கொடெலீவெக்காக வந்திருக்கிறார், போய்விட்டாள் என்று சொன்னேன் அழுகிறார் என்றேன். அவளும் ஐயோ பாவம் என்றாள். அவளுக்கும் உறைக்கவில்லை, பத்து வருஷமாக அவள் எமிலியா. நீ மேசைக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டு இருந்தாய். அடுக்கியது விழுந்தது, வெளியே வந்து உன் தகரக் கோப்பையை நீட்டி, “அம்மா, ஸெனெக்” என்றாய்.

அந்த ஆள் எழுந்தான் பார், தலை உத்தரத்தில் இடித்த சத்தத்தில் வெளியே இருந்த ரெமி என்னடா எமிலியா படகை உடைக்கிறாயா என்று கத்தினான். தலையைப் பிடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டது, யார் என்று உன்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். உன் அம்மா பயந்துபோய் உன்னை இழுத்துப் பாவாடையோடு அணைத்துக்கொண்டு, ஒண்ணும் இல்லீங்க, புள்ள தண்ணி கேக்குது என்றாள்.

“அது தண்ணி இல்லீங்க,” என்றான். “அது நான். எங்க அம்மாவும் என் தம்பியும் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாங்க.”

அவன் பேர் ஸெனோன், வீட்டில் கூப்பிடுகிற பேர் ஸெனெக். உன் அம்மா காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள். அவள் கேட்டது ஒன்றுதான், உங்க தம்பிக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருந்துச்சா அண்ணே என்று. அவன் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் மார்லேன் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. இவளைத்தான் தேடி வந்திருக்கிறான். கொடெலீவெ படகில் பிறந்தவள், கிழவர் இசிடோரின் மகள், என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் கால்வாய் முழுக்கக் கொடெலீவெ என்று கூப்பிடப்பட்டவள், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் படகை நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா சாகிறவரைக்கும் இதை விடவில்லை, சாப்பாட்டில் உப்புக் குறை என்று நான் சொன்னால் போதும், பொண்டாட்டியை உடைச்சு அடுப்புல வச்சாச்சுன்னு ஊராருக்குச் சொன்ன மனுஷனுக்கு உப்பு ஒரு கேடா என்பாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட முழுசாகச் சொல்லாதது. எதிர்க்கரையில் காயக்காரர்களை ஏற்றிக்கொள்ள வண்டி வரவில்லை, குண்டு விழுந்துகொண்டே இருந்தது, அவனைப் படகிலேயே வைத்திருந்தார்கள். மற்றவர்கள் முனகினார்கள், அவன் முனகவில்லை, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னான், ஸெனெக், ஸெனெக் என்று. உதடு காய்ந்து கிடந்தது. அவர்கள் பாஷையில் தண்ணீருக்கு அப்படிச் சொல்வார்கள் போல என்று அவள் ஓடிப்போய்க் கோப்பையில் மோந்துவந்து ஒரு கையால் தலையைத் தூக்கி வாயில் விட்டாள். குடித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டான், மறுபடி கொடுத்தாள். பொழுது சாயுமுன்னே போய்விட்டான். அதற்குப் பிறகு யாருக்காவது தண்ணீர் கொடுக்கும்போது அந்த வார்த்தை அவள் வாயில் தானாக வந்துவிட்டது, நீ பிறந்ததும் உனக்கும் வந்துவிட்டது.

 அவன் என்னைக் கூப்பிட்டிருக்கான், நான் அங்கே இல்லை என்றான் ஸெனோன். இதைத்தான் அவன் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறான் என்று என் போன்ற மூளையில்லாதவனுக்கும் தெரிந்தது. உன் அம்மா அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் யாரிடமும் பேசாத மெதுவான குரலில் சொன்னாள்.

“கூப்பிட்டப்பெல்லாம் குடுத்தேன் அண்ணே. ஒரு தடவைகூட சும்மா விடல.”

இர்மா எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தப் போனாள், வந்துவிட்டாள், மேலே சொல்கிறேன்.

அடுத்து அவன் கேட்டது எங்கே வைத்தீர்கள் என்று. மெய்டோங்க் கிராமத்துக் கோயில் கல்லறைத் தோட்டத்தில், சுவரை ஒட்டி என்றாள். ஊரே நிலவறைக்குள் ஒளிந்திருந்தது, சாமியாரும் இல்லை, கல்லறையைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையும் இல்லை, அவளும் அவள் அப்பாவும்தான் குழி தோண்டினார்கள். சட்டையை யாரோ முன்னமே வெட்டி எறிந்திருந்தார்கள், பேர் தெரிய ஒரு துண்டும் இல்லை. பேர் இல்லாமல் மண்ணை மூட மனசு வராமல் கிழவர் மூடுபலகை ஒன்றைப் பிடுங்கிவந்து தலைமாட்டில் நட்டுவிட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் கிளம்பினோம், அவனுக்குச் சாயங்காலம் ஓஸ்டெண்டில் கப்பல். முப்பத்தெட்டு மீட்டர் படகை ஒற்றைக் கையால் திருப்புகிற உன் அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, என் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க இடது பக்கம் திருப்பு வலது பக்கம் திருப்பு என்று என் முதுகைச் சுக்கானாக்கிவிட்டாள். நீ முன்னால். ஸெனோன் ரெமியின் சைக்கிளில், அதில் ரோஸாலி என்று எழுதியிருந்தது. மெய்டோங்கில் சுவரோரம் போய்ப் பார்த்தால் பலகை இல்லை. அந்த இடத்தில் நல்ல இரும்புச் சிலுவை, சுத்தமாகக் களை பிடுங்கி, டேலியாப் பூ வைத்து, சிலுவையில் வெள்ளை எழுத்து. ஸெனோன்தான் படித்தான். கொடெலீவெ.

கோயில்பிள்ளையின் விதவை சுல்மா துடைப்பத்தோடு வந்தாள், எங்க கொடெலீவெகிட்ட உங்களுக்கு என்ன வேலை என்றாள். கேட்டுப் பார்த்தால், அவள் புருஷன் நிலவறையிலிருந்து வெளியே வந்தபோது புது மண்மேட்டையும் பேர் போட்ட பலகையையும் பார்த்தானாம், குண்டு பட்டுச் செத்த அகதிப் பெண் யாரோ பாவம் என்று நினைத்தானாம், பலகை உளுத்ததும் இரும்பில் செய்து வைத்தானாம். புனித கொடெலீவெயைக் கழுத்தை நெரித்துக் கொன்றதால் தொண்டை வலிக்கு அவளிடம் வேண்டுவது நம் வழக்கம் அல்லவா, அந்தப் பேர் இருந்ததால் தொண்டை கட்டின பிள்ளைகளை எல்லாம் இந்தக் கல்லறைக்குக் கூட்டிவந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களாம், நன்றாகக் கேட்கிறதாம். பட்டாளத்துக்காரர்கள் சிதறிக் கிடந்த தங்கள் ஆட்களைத் தோண்டி எடுத்துப் பெரிய கல்லறைக்குக் கொண்டுபோக வந்தபோது இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பெண் பேர் போட்ட சிலுவையை யார் தோண்டுவார்கள். இத்தனை வருஷம் அவனை யாராலும் கண்டுபிடிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

உன் அம்மா உள்ளே இருக்கிறது சிப்பாய் என்று சொன்னாள். சுல்மா துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, என் பொண்ணுக்குத் தொண்டை அடைப்பான் வந்தப்ப ராத்திரி பகலா இங்கதான் மண்டியிட்டேன், பொழைச்சா, இப்ப வந்து ஆம்பளைன்னா நான் எங்க போவேன் என்றாள். நாங்கள் மூன்று பேரும் ஸெனோனைப் பார்த்தோம். அவன் ஒரு கடிதம் போட்டால் போதும், படை வந்து எடுத்துக்கொண்டு போகும், தம்பி தன் ஊர்க்காரர்களோடு வரிசையில், சொந்தப் பேரில், கல் நட்டுக் கிடப்பான். தாய்க்குச் சொல்ல அதுதான் மரியாதை. சொல்லாவிட்டால் அவன் பெண்ணாகவே இங்கே கிடக்க வேண்டியதுதான். ஸெனோன் குனிந்து டேலியாவைத் தொட்டுப் பார்த்தான். இதை யார் வைக்கிறது என்றான். வேற யாரு, நான்தான், சனிக்கிழமை சனிக்கிழமை என்றாள் சுல்மா கோபமாக. அவன் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தான், முதல் தடவையாக அவன் சிரித்துப் பார்த்தோம், பல்லுக்கு நடுவில் அவனுக்கும் சந்து. தம்பி கோயிலில் பாடுகிறவன், எந்தத் திருநாள் வந்தாலும் முதல் நாள் தொண்டை கட்டிக்கொள்ளும், அம்மா வெங்காயத்தைச் சுட்டுக் கட்டிவிடுவாள், அவனிடம் போய்த் தொண்டைக்கு வேண்டுகிறீர்களே என்றான். சுல்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பிறகு அவன், இங்கேயே இருக்கட்டும், அவன் பேரையும் போட்டால் போதும் என்றான். சுல்மா யோசித்து, கீழே சின்னதாப் போட்டுக்கோங்க, மேல எங்க கொடெலீவெ இருக்கட்டும் என்றாள். சாமியார் என்ன சொல்வாரோ என்று நான் இழுத்தேன். அவருக்கும் தொண்டை கட்டும்ல, ஒண்ணும் சொல்லமாட்டார் என்றாள். அப்படியே ஆயிற்று, இன்றைக்கும் போனால் பார்க்கலாம், மேலே ஒரு பேர் கீழே ஒரு பேர், புதிதாக வருகிறவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ரயிலில் ஏற்றிவிடும்போது உன் அம்மா அவனிடம், தெரியாம இத்தனை வருஷம் உங்க பேரைத் தண்ணிக்குச் சொல்லிட்டோம், இனிமே சொல்லமாட்டோம் என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். அவன் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். நிறுத்தாதீங்கம்மா, புள்ள கேக்கட்டும், கேட்டதும் நீங்க குடுங்க என்றான். அதனால்தான் நிறுத்தவில்லை.

தாய்க்கு எல்லாவற்றையும் எழுதினானாம், பெண் பேரில் கிடக்கிறான் என்பதையும் மறைக்கவில்லை. பேர் கிடக்கட்டும், வெறும் வாயோடு போகவில்லையே என்று அந்தக் கிழவி சொன்னாளாம், அடுத்த வருஷம் வரை இருந்துதான் போனாள். கிறிஸ்துமஸுக்குப் பெட்டி நிறைய உலர்ந்த பிளம் பழம் போலந்திலிருந்து வருமே, கொட்டையை நீ கால்வாயில் துப்பி எண்ணுவாயே, அது முதலில் அவள் அனுப்பியது, பிறகு அவள் வீட்டார் அனுப்பியது. ஸெனோன் வருஷம் தவறாமல் செப்டம்பரில் தனியாக வருவான், ஒரு ராத்திரி தங்குவான், போய்விடுவான். முதல் ஓரிரு வருஷம் நீ சின்னக் குழந்தை, பிறகு அந்த மாசம் நீ விடுதியில் இருப்பாய், அதனால் உனக்கு அவனைத் தெரியாது. கால் தளர்ந்த பிறகு போனில் பேசினான்.

போன மாசம் அவன் மகள் ஸ்காட்லாந்திலிருந்து இர்மாவின் போனில் கூப்பிட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டானாம், கஷ்டப்படவில்லையாம். அதனால்தான் உன் கேள்வியைக் கேட்டதும் இனி தள்ளிப்போடக் கூடாது என்று இர்மாவை உட்காரவைத்துவிட்டேன். மருமகளிடம் சொல், புத்தகத்தில் இல்லாதது அவள் தப்பும் இல்லை உன் தப்பும் இல்லை, அது ஓர் ஆளின் பேர். தொமாஸுக்குப் பெரியவன் ஆனதும் சொல், இப்போது வேண்டாம், இப்போது அவன் கேட்டால் எழுந்துபோய்க் கொடு, போனைப் பார்த்துக்கொண்டு இருடா இருடா என்று சொல்லாதே. ஆணியை மறக்காதே. குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன், உனக்கு அங்கே வேனில் என்று இர்மா சொல்கிறாள், பரவாயில்லை, அனுப்புகிறேன். உங்கள் எல்லாரையும் மாதா தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் தலையில் கை வைத்து அப்பா ஆசீர்வாதம் சொல்கிறேன்.

ரெமி போய் இருபது வருஷம் ஆகிறது. சுல்மா அதற்கும் முன்னால், அவளையும் அந்தச் சுவரோரமே வைத்தார்கள். உன் அம்மா போய் ஆறு வருஷம். இப்போது ஸெனோனும். அன்றைக்கு மேசைக்கு அடியில் இருந்த உனக்கு ஒன்றும் நினைவு இருக்காது, உன்னை நான் சேர்க்கவில்லை. நினைவோடு இன்னும் உயிரோடு இருப்பது ஒருவன்தான்,

உன் அப்பா,
‘எமிலியா’ அஷீல்